முழுக் காப்புறுதி: மூன்று கொட்டேஷன்கள், மூன்று தொகைகள். எதை வைத்து ஒப்பிடுவது?

கோண்டாவில் வாசகி:

வணக்கம். 2014ஆம் ஆண்டுத் தயாரிப்பான டொயோட்டா அக்குவா கார் ஒன்றை, லீசிங் இல்லாமல், கைக்காசு கொடுத்து வாங்குகிறோம். நகரில் கிளை வைத்திருக்கும் மூன்று நிறுவனங்களிடம் முழுக் காப்புறுதிக்குக் கொட்டேஷன் எடுத்தபோது, கூடிய தொகை குறைந்த தொகையின் இரு மடங்கை நெருங்குவதைக் கண்டு குழம்பிப் போனோம். குறைவாகச் சொன்ன முகவரிடம் காரணம் கேட்டால், "எல்லாம் ஒன்றுதான் அக்கா, எங்களுடையது மலிவு" என்பதற்கு மேல் விளக்கமில்லை. கொழும்பில் எடுத்தால் இன்னும் குறையும் என்கிறான் தம்பி. வருமான அனுமதிப்பத்திரம் (வருடாந்த வாகன வரிப் பத்திரம்) எடுக்க மூன்றாம் தரப்புக் காப்புறுதியே போதுமாகையால் அதோடு நிறுத்தலாம் என்கிறார் கணவர். கார் பெரும்பாலும் சாவகச்சேரிக்கு வேலைக்குப் போய்வரவும், வருடத்தில் சில தடவை ஏ-9 வீதியால் கொழும்புக்கும் ஓடும். எதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்?

பழைய கணக்காளர்:

சகோதரி, கட்டணத்தைப் பார்க்குமுன், மூன்று கொட்டேஷன்களிலும் காரின் பெறுமதி எவ்வளவு என்று எழுதப்பட்டிருக்கிறது எனப் பாருங்கள். மலிவின் இரகசியம் பெரும்பாலும் அந்த ஒரு வரியில்தான் இருக்கும். தனியார் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த இடைக்காலத்தில் பாவித்த கார்களின் விலை ஏறிய அளவுக்குக் காப்புறுதிப் பத்திரங்களில் உள்ள பெறுமதியைப் பலர் ஏற்றவில்லை. பெறுமதியைக் குறைத்து எழுதினால் கட்டணம் குறையும், முகவருக்கும் வியாபாரம் சுலபமாக முடியும். ஆனால் பத்திரத்தில் விகிதாசார நிபந்தனை இருந்தால், விபத்து நாளில் அதன் விலையை நீங்கள்தான் கொடுப்பீர்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். காரின் சந்தை விலை 80 இலட்சம், பத்திரத்தில் எழுதியது 60 இலட்சம் என்று வையுங்கள். கார் முழுதாக அழிந்தால் 60 இலட்சத்துக்கு மேல் கிடையாது என்பது எவருக்கும் விளங்கும். பலருக்கு விளங்காதது, சிறு விபத்திலும் அதே விகிதம் பிடிக்கப்படும் என்பதுதான். திருத்தச் செலவு 8 இலட்சமானால், நான்கில் மூன்று பங்கான 6 இலட்சத்தையே நிறுவனம் தரும். இந்த நிபந்தனையைத் தளர்த்துவதாக முகவர் சொன்னால், அதைப் பத்திரத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுபுறம், 80 இலட்சம் பெறுமதியான காரை 100 இலட்சம் என்று எழுதினால் கட்டணம்தான் கூடும். இழப்பீடு சந்தை விலையைத் தாண்டாது. ஆகவே மூன்று நிறுவனங்களுக்கும் ஒரே பெறுமதியைக் கொடுத்து, புதிதாகக் கொட்டேஷன் கேளுங்கள்.

கணவரின் யோசனை பற்றி: 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்குவது, உங்கள் காரால் பிறருக்கு நேரும் மரணத்துக்கும் காயத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பதற்காக. அதில் உங்கள் காருக்கு ஒரு சதமும் வராது. கைக்காசு போட்டு வாங்கிய காருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மானிப்பாய் முகவர்:

நானும் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன், ஆகவே சற்றுத் தயக்கத்தோடு எழுதுகிறேன். கொழும்பில் எடுத்தால் மலிவு என்பதில் பெரிதாக உண்மையில்லை, ஏனெனில் ஒரே நிறுவனத்தின் கணக்கு முறை எல்லாக் கிளைகளுக்கும் பொதுவானது. வேறுபடுவது, முகவர் கேட்டு வாங்கிக் கொடுக்கும் கழிவுதான். கொட்டேஷனில் வேலைநிறுத்தம், கலகம், பயங்கரவாதம் என்று தனியாக வரும் தொகை தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்துக்குப் போவது, அதில் நிறுவனங்கள் போட்டி போட முடியாது. சில ஆயிரம் மிச்சம் பிடிக்க அதை வெட்டச் சொல்கிறவர்களும் உண்டு. 2022 மே 9ஆம் திகதி வாகனங்கள் எரிக்கப்பட்ட பின், அந்தப் பிரிவு எதற்கென்று கேட்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள்.

இன்னொன்று, நோ கிளெயிம் போனஸ், அதாவது இழப்பீடு கோராத வருடங்களுக்காகக் கட்டணத்தில் தரும் கழிவு. முதல் வருடமே பெரிய போனஸைக் கழித்துக் காட்டும் கொட்டேஷன் கண்ணுக்கு மலிவாகத் தெரியும், ஆனால் ஒரு கிளெயிம் வந்தவுடன் அது எந்தப் படிக்கு இறங்கும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். விற்பவரின் போனஸ் உங்களுக்கு வராது. உங்கள் பெயரில் முன்பு ஒரு காருக்குச் சேர்ந்த போனஸ் இருந்தால், பழைய நிறுவனத்திடம் கடிதம் வாங்கி வாருங்கள்.

கொக்குவில் கராஜ்காரர்:

பத்திரம் படிக்கிறவன் அல்லன் நான், வந்து நிற்கும் கார்களைப் பார்க்கிறவன். 2024 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு வந்த கார்களைப் பார்த்தவன் என்ற வகையில், வெள்ளச் சேதம் பத்திரத்தில் தெளிவாகச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் கேட்கச் சொல்வேன். தண்ணீருக்குள் நின்ற காரை ஸ்டார்ட் செய்து எஞ்சினை உடைத்துக்கொண்டால், அது வெள்ளத்தால் வந்ததா, ஓட்டியவரின் செயலால் வந்ததா என்ற வாக்குவாதம் தொடங்கிவிடும். ஆகவே தண்ணீர் வடிந்தாலும் கை வைக்காமல் நிறுவனத்துக்கு அறிவியுங்கள். அக்குவாவின் ஹைபிரிட் பற்றரி வயதாகிச் செத்தால் எந்தக் காப்புறுதியும் தராது, மோதியோ தண்ணீர் புகுந்தோ பழுதானால்தான் பேசலாம். பத்து வருடம் தாண்டிய காருக்குப் புதுப் பாகம் போடும்போது தேய்மானம் என்று எத்தனை வீதம் உங்கள் தலையில் கட்டுவார்கள் என்பதையும் கேளுங்கள். கட்டாக்காலி மாடுகள் இரவில் படுத்திருக்கும் நம் வீதிகளில் பம்பரும் ஹெட்லைற்றும்தான் அதிகம் போகின்றன.

கோண்டாவில் வாசகி:

மிக்க நன்றி. பார்த்தேன், மலிவான கொட்டேஷனில் பெறுமதி மற்றவற்றைவிட 25 இலட்சம் குறைவாக இருக்கிறது. இன்னொரு கேள்வி: நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வரும் அண்ணா காரை ஓட்டலாமா?

மானிப்பாய் முகவர்:

இலங்கையில் செல்லுபடியாகும் அனுமதி கையில் இருந்தால் ஓட்டலாம். வெளிநாட்டு லைசென்சை மட்டும் வைத்துக்கொண்டு ஓடி விபத்தானால் கிளெயிம் மறுக்கப்படலாம், ஒவ்வோர் ஆவணியிலும் இது நடக்கிறது. அண்ணாவின் நண்பர்களுக்கு வாடகைக்குக் கொடுப்பதும் வேண்டாம், தனியார் பாவனைப் பத்திரம் அதற்குச் செல்லாது. கிளெயிம் எதுவும் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவில் தீராவிட்டால், அந்தக் கடிதத்தோடு காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமோ (முறைப்பாடுகளை விசாரிக்கும் நடுநிலை அதிகாரி) இலங்கைக் காப்புறுதி ஒழுங்குமுறை ஆணைக்குழுவிடமோ முறையிடலாம்.