பிக்காசாவில் அப்பத்தா சொன்ன பெயர்கள் புது லேப்டாப்பில் காணோம். இனி எந்த மென்பொருளுக்கு மாறலாம்?

பூம்பாறைக்காரன் (ஞாயிறு இரவு)

வணக்கம். கொடைக்கானல் மேல்மலை, பூம்பாறையிலிருந்து எழுதுகிறேன். 2005-லிருந்து நான் எடுத்த படங்கள் 14,000-க்குக் கொஞ்சம் மேலே இருக்கும். 2006 குறிஞ்சி, 2018 குறிஞ்சி, குழந்தை வேலப்பர் தேர், பூண்டு எடுப்பு, எங்கள் தெருவில் நடந்த கல்யாணம், காதுகுத்து, எழவு எல்லாம் அதில் இருக்கிறது. ஆரம்பத்திலிருந்தே பிக்காசா என்ற கூகுளின் பட மென்பொருளில்தான் வைத்திருந்தேன். 2016-ல் கூகுள் அதை நிறுத்தியது தெரியும். நிறுத்தின பிறகும் ஓடிக்கொண்டுதான் இருந்தது, அதனால் மாறவில்லை.

போன ஐப்பசி மழையில் இடி இறங்கி பழைய கம்ப்யூட்டர் போய்விட்டது. ஹார்டு டிஸ்க் மட்டும் பிழைத்தது. மலைக்குக் கீழே ஒரு கடையில் கொடுத்து, படங்களைப் புது லேப்டாப்புக்கு (விண்டோஸ் 11) மாற்றி வாங்கினேன். பிக்காசா 3.9 இன்ஸ்டால் ஃபைல் பழைய சிடி ஒன்றில் கிடந்தது. போட்டேன், திறந்தது.

படங்கள் எல்லாம் வந்திருக்கின்றன. ஆனால் நான் வெட்டி, வெளிச்சம் சரிசெய்த படங்கள் பழையபடி வெட்டாமல் நிற்கின்றன. நட்சத்திரம் போட்டது எதுவும் இல்லை. முகங்களுக்கு வைத்த பெயர் ஒன்றுகூட இல்லை.

இதில் பெயர்தான் எனக்குப் பெரிசு. 2011 மழைக்காலத்தில், கரண்ட் இருக்கிற நேரமாகப் பார்த்து, அப்பத்தாவைப் பக்கத்தில் உட்காரவைத்துச் செய்த வேலை அது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு, திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே வந்து பார்த்து, "இது மேலத்தெரு பூண்டு யாவாரி மருமக, இது அவ நாத்தனா, இந்தப் பொம்பள கவுஞ்சில வாக்கப்பட்டவ" என்று அது சொல்லச் சொல்ல நான் தட்டினேன். 2015-ல் அப்பத்தா தவறிவிட்டது. அந்தப் பெயர்களை வேறு எங்கேயும் எழுதிவைக்கவில்லை.

இரண்டு விஷயம் தெரியவேண்டும். போன பெயர்கள் திரும்பக் கிடைக்குமா? இனிமேல் எந்த மென்பொருளில் வைத்தால் இப்படி நடக்காது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உதகை மழை (ஞாயிறு இரவு)

சார், எல்லாவற்றையும் கூகுள் ஃபோட்டோஸில் ஏற்றிவிடுங்கள். முகத்தை அதுவே பிரித்துக் கொடுக்கும். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

பூம்பாறைக்காரன் (திங்கள் காலை)

யோசித்தேன் தம்பி. மொத்தம் 90 ஜி.பி. வருகிறது. 2021 ஜூனிலிருந்து புதிதாக ஏற்றுகிற படமெல்லாம் அந்த 15 ஜி.பி. கணக்கில்தான் சேரும் என்றார்கள், மேலே போனால் பணம் கட்டவேண்டும். மூடுபனி இறங்கினால் இங்கே டவரே கிடைப்பதில்லை, 90 ஜி.பி. ஏற்றி முடிப்பது எப்போது? அது முகங்களைப் பிரித்துக் கொடுத்தாலும் பெயரை யார் சொல்வது? சொல்கிறவர் இல்லையே.

கோத்தகிரி தேயிலை (திங்கள் மதியம்)

அண்ணா, புதுசாக எதையும் போடாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். முதலில் மூன்று கேள்வி.

படத்துக்குக் கீழே நீங்கள் எழுதிய குறிப்பு வரிகள் இருக்கின்றனவா, அவையும் போய்விட்டனவா? பழைய ஹார்டு டிஸ்க் உங்கள் கையில் இருக்கிறதா? கடையில் படங்களை எப்படி காப்பி செய்தார்கள், பார்த்தீர்களா?

பூம்பாறைக்காரன் (திங்கள் இரவு)

குறிப்பு வரிகள் அப்படியே இருக்கின்றன! அதுதான் எனக்கும் புரியவில்லை. டிஸ்க் என்னிடம்தான், துணியில் சுற்றி பீரோவில் இருக்கிறது. கடைப் பையன் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து, கன்ட்ரோல்-ஏ அடித்து, காப்பி எடுத்து, புது லேப்டாப்பில் தானே ஃபோல்டர் போட்டு அதில் ஒட்டினார்.

கோத்தகிரி தேயிலை (திங்கள் இரவு)

அப்படியானால் பெயர்கள் போகவில்லை அண்ணா. அந்த டிஸ்க்கிலேயே இருக்கின்றன என்று நம்புகிறேன். காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகும்.

பிக்காசா உங்கள் வேலையை இரண்டு இடத்தில் எழுதும். ஜேபெக் படத்துக்கு நீங்கள் போடும் குறிப்பு வரியும் டேகும் (தேடுவதற்கு ஒட்டுகிற அடையாளச் சொல்) படத்துக்குள்ளேயே போய்விடும். அதனால்தான் குறிப்பு உங்களோடு வந்துவிட்டது. வெட்டியது, வெளிச்சம் கூட்டியது, நட்சத்திரம், முகம், பெயர் இதெல்லாம் படத்துக்குள் போகாது. ஒவ்வொரு ஃபோல்டரிலும் பிக்காசா ஐ.என்.ஐ. என்று ஒரு சின்ன ஃபைலை, பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்து, மறைத்து வைத்திருக்கும். எல்லாம் அதில்தான். சேவ் கொடுக்காதவரை அசல் படத்தை அது தொடாது. ரொம்ப நல்ல ஏற்பாடு, ஆனால் அந்தச் சின்ன ஃபைல் கூடவே வந்தால்தான்.

ஃபோல்டருக்கு உள்ளே போய் கன்ட்ரோல்-ஏ அடித்தால் கண்ணுக்குத் தெரிகிற ஃபைல்கள் மட்டும்தான் சேரும். மறைந்திருப்பவை அங்கேயே நின்றுவிடும். வெளியே நின்று ஃபோல்டரையே காப்பி செய்திருந்தால் அதுவும் வந்திருக்கும். கடைப் பையனுக்கு இது தெரிய நியாயமில்லை.

இப்போது செய்யவேண்டியது. பழைய டிஸ்க்கை யு.எஸ்.பி. சாட்டா கேபிளில் (கழற்றிய டிஸ்க்கை லேப்டாப்போடு இணைக்கிற கேபிள்) மாட்டுங்கள். எக்ஸ்ப்ளோரரில் 'வியூ', 'ஷோ', 'ஹிடன் ஐட்டம்ஸ்' டிக் செய்யுங்கள். ஏதாவது ஒரு படஃபோல்டரைத் திறந்தால் மங்கலான நிறத்தில் அந்த ஃபைல் தெரியும். நோட்பேடில் திறந்து பாருங்கள், எதையும் மாற்றாமல் மூடிவிடுங்கள். அதில் 'கான்டாக்ட்ஸ் 2' என்று ஒரு பகுதி இருக்கும். எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு நீளச் சங்கேதம், சமக்குறி, அதற்குப் பக்கத்தில் ஒரு பெயர். அது இருந்தால் பாதிக் கவலை விட்டது.

பூம்பாறைக்காரன் (புதன் இரவு)

கேபிள் கொடைக்கானல் டவுனில் கிடைத்தது. மாட்டினேன். '2006 குறிஞ்சி' ஃபோல்டரைத் திறந்தேன். இருக்கிறது. நோட்பேடில் சமக்குறிக்குப் பக்கத்தில் எங்கள் அப்பத்தா பெயர். அதற்குக் கீழே அது சொன்ன ஒவ்வொரு பெயரும் வரிசையாக. ரொம்ப நேரம் மூடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்து என்ன செய்யட்டும் தம்பி?

கோத்தகிரி தேயிலை (புதன் இரவு)

ரொம்ப சந்தோஷம் அண்ணா!

இப்போது அவசரப்படக் கூடாது. கடையில் மாற்றிக் கொடுத்த ஃபோல்டர்கள் மேலேயே பழையதை ஒட்டாதீர்கள். புது லேப்டாப்பில் பிக்காசாவைத் திறந்தபோதே அங்கே அது புதிதாக ஐ.என்.ஐ. எழுதியிருக்கும், இரண்டும் மோதும். வேறு இடத்தில், டிஸ்க்கின் படஃபோல்டரை வெளியிலிருந்து முழுசாகக் காப்பி செய்யுங்கள். இன்னொரு காப்பியை வெளி டிஸ்க்கிலும் போடுங்கள். பழைய டிஸ்க்கைக் கழற்றி மறுபடி பீரோவில் வைத்துவிடுங்கள், அதில் எந்த வேலையும் வேண்டாம்.

கழற்றுவதற்கு முன்னால் இன்னும் ஒன்று. பழைய டிஸ்க்கில் 'யூசர்ஸ்', உங்கள் பெயர், 'ஆப்டேட்டா', 'லோக்கல்', 'கூகுள்', 'பிக்காசா 2', 'கான்டாக்ட்ஸ்' என்று போனால் பெயர்ப்பட்டியல் ஃபைல் இருக்கும். பிக்காசாவை மூடிவிட்டு, புது லேப்டாப்பில் அதே இடத்தில் அதை வையுங்கள். 'ஆப்டேட்டா'வும் மறைந்திருக்கிற ஃபோல்டர்தான்.

பிறகு பிக்காசாவில் 'டூல்ஸ்', 'ஃபோல்டர் மேனேஜர்' போய், கடையில் வந்த ஃபோல்டரை நீக்கச் சொல்லி, புதிய காப்பியைச் சேருங்கள். 14,000 படத்தையும் அது படித்து முடிக்கும்வரை விட்டுவிடுங்கள். பெயர்கள் வந்ததும் 'டூல்ஸ்', 'எக்ஸ்பெரிமென்டல்' பகுதியில் 'ரைட் ஃபேசஸ் டு எக்ஸ்.எம்.பி.' என்று இருக்கும். அதைக் கொடுத்தால் முகமும் பெயரும் எக்ஸ்.எம்.பி. என்ற குறிப்பு வடிவில் ஜேபெக் படத்துக்குள்ளேயே எழுதப்பட்டுவிடும். இதுதான் முக்கியமான வேலை. அப்புறம் நீங்கள் எந்த மென்பொருளுக்குப் போனாலும் அப்பத்தா சொன்னது படத்தோடு வரும்.

நட்சத்திரத்துக்கு ஒரு வழி: மேலே நட்சத்திர பட்டனை அழுத்தினால் அவை மட்டும் தெரியும். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து 'நல்லவை' என்று ஒரு டேக் போட்டுவிடுங்கள், டேக் படத்துக்குள் போய்விடும். ஆல்பம் வைத்திருந்தாலும் இதே மாதிரிதான்.

வெட்டின படங்கள்: பிக்காசாவின் வெட்டலையும், தானாகத் திருத்துகிற 'ஐயாம் ஃபீலிங் லக்கி' பட்டன் செய்ததையும் நான் பார்த்த எந்த மென்பொருளும் எடுத்துக்கொள்ளவில்லை. உங்களுக்கு வேண்டியவற்றை மட்டும் 'எக்ஸ்போர்ட்' கொடுத்து தனி ஃபோல்டரில் எடுங்கள். திருத்தம் சேர்ந்த புதுப் படம் வரும், அசல் அப்படியே இருக்கும்.

கொடை நடையன் (வியாழன் காலை)

கோத்தகிரிக்காரர் சொல்வதை இன்றைக்கே செய்யுங்கள் அண்ணே, பிக்காசா திறக்கிறபோதே. நான் மேக்கில் ஆப்பிளின் பட மென்பொருள் அப்பெர்ச்சர் வைத்திருந்தேன். 2014-ல் நிறுத்தப்போவதாகச் சொன்னார்கள், 2015-ல் விற்பனையும் நின்றது. ஓடுகிறதே என்று நானும் விட்டுவிட்டேன். 2019-ல் மேக்கின் புது இயங்குதளம் கேடலினா ஏற்றினேன், அன்றோடு அப்பெர்ச்சர் திறக்கவில்லை. அதற்கு முந்தைய மொஹாவே வைத்திருந்த ஒருவருடைய மேக்கை வாங்கி, நான்கு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். பேரிஜம் பக்கம் நடந்தபோது எடுத்த படங்களுக்கு எழுதிய இடப்பெயர்களில் பாதி வரவில்லை.

குன்னூர் ஸ்டுடியோ (வியாழன் மாலை)

எதற்கு மாறலாம் என்ற கேள்விக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். கல்யாண வேலைக்கு நான் லைட்ரூம் கிளாசிக் வைத்திருக்கிறேன். திருத்துவதற்கு அதை அடிக்க ஆளில்லை. ஆனால் ஒரே தடவை பணம் கட்டி வாங்கக்கூடிய கடைசிப் பதிப்பு லைட்ரூம் 6, அதன் பிறகு சந்தாதான். சந்தா நின்றால் படங்களைப் பார்க்கலாம், தேடலாம், படத்தைத் திருத்துகிற டெவலப் பகுதி பூட்டிக்கொள்ளும். தொழிலுக்குச் சரி. வீட்டு ஆல்பத்துக்கு, ஊர் ஆவணத்துக்கு மாதாமாதம் கட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

உங்களுக்கு டிஜிகாம்தான். இலவசம், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். பிக்காசா எக்ஸ்.எம்.பி.-யில் எழுதிய முகப்பெயரை அது படிக்கும். பிக்காசா மாதிரி சட்டென்று பழகாது, முதல் வாரம் மெனுக்களைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும், அதை மறைக்க விரும்பவில்லை. முதல் தடவை திறக்கும்போது முகம் கண்டுபிடிக்கும் ஃபைல்களை இறக்கச் சொல்லும், பெரிசு, அதனால் நல்ல நெட் இருக்கும் இடத்தில் செய்யுங்கள். 'செட்டிங்ஸ்', 'மெட்டாடேட்டா' (படத்தோடு சேர்ந்த தகவல்) பகுதியில் குறிப்பு, டேக், முகம் மூன்றையும் படத்துக்குள் எழுதச் சொல்லி டிக் போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் எல்லாம் டிஜிகாமின் சொந்தக் கிடங்கில் மட்டும் நிற்கும், நாளைக்கு அதுவும் நின்றால் இதே கதைதான்.

ரா படம் (கேமரா பதப்படுத்தாமல் தருகிற படம்) எடுப்பீர்களானால், அதைத் திருத்த டார்க்டேபிள் என்ற மென்பொருளைத் தனியாகப் போட்டுக்கொள்ளலாம், ஜேபெக்குக்கு அவசியமில்லை.

அந்த டிஸ்க்கைத் துணியில் சுற்றி வைக்காதீர்கள் சார். நம் மலை ஈரத்துக்குத் துணி தண்ணீரை இழுக்கும். இறுக்கமாக மூடுகிற டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். லென்ஸில் பூஞ்சை பிடிப்பதும் இதனால்தான்.

பூம்பாறைக்காரன் (அடுத்த செவ்வாய்)

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன், வேறு யாருக்காவது உதவும்.

காப்பி முடியவே ஒரு ராத்திரி ஆனது. பிக்காசாவில் சேர்த்ததும் பெயர்கள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன, காலையில் எல்லாம் வந்துவிட்டது. இடையில் ஒரு தப்பு செய்துவிட்டேன். ஆர்வத்தில் எக்ஸ்.எம்.பி. எழுதும் முன்பே டிஜிகாமையும் போட்டு அதே ஃபோல்டரைக் காட்டிவிட்டேன். அதனால் பிக்காசா பெயரை எழுதி முடித்த பிறகும் டிஜிகாமில் ஒரு பெயரும் தெரியவில்லை. பயந்துபோய் கோத்தகிரித் தம்பிக்கு எழுத உட்கார்ந்தேன்.

எழுதுவதற்கு முன்னால் மெனுவைத் தேடியபோது 'ஆல்பம்' என்பதில் ஃபைலிலிருந்து மெட்டாடேட்டாவை மறுபடி படிக்கும் 'ரீரீட்' இருந்தது. ஒரு ஃபோல்டரில் கொடுத்தேன். பக்கத்தில் 'பீப்பிள்' பட்டியலில் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. ஒவ்வொரு ஃபோல்டராகக் கொடுத்து முடித்தேன்.

2006-ல் எடுத்த ஒரு படம். சரிவு முழுக்க நீலம், அதன் நடுவில் அப்பத்தாவும் இன்னும் நான்கு பெண்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். மவுசைக் கொண்டுபோனால் ஐந்து முகத்துக்கும் பெயர் வருகிறது. ஓரத்தில் தலை மட்டும் தெரிகிற ஆறாவது ஆளுக்குப் பெயர் இல்லை, அப்பத்தாவுக்கும் அன்றைக்கு அடையாளம் தெரியவில்லை. அதை மட்டும் பிரின்ட் போட்டு ஞாயிற்றுக்கிழமை கவுஞ்சிக்கு எடுத்துப் போகிறேன். அங்கே வயதான ஒரு அம்மா இருக்கிறார், அவருக்குத் தெரியும் என்கிறார்கள்.

கோத்தகிரி தேயிலை (அடுத்த செவ்வாய்)

அந்த 'ரீரீட்' விஷயம் எனக்கே தெரியாது அண்ணா, குறித்துக்கொண்டேன். ஆறாவது பெயர் கிடைத்தால் இங்கே எழுதுங்கள். படத்தில் சேர்க்கும்போது பெயரோடு ஊரையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.