புதுப்பிப்பு: சர்வர் மாற்றியதும் நின்றுபோன பழைய ஸ்கிரிப்ட் ஓடுகிறது

எங்கள் ஊர் நூலகப் பட்டியலைக் காட்டும் பழைய பிஎச்பி (இணையப் பக்கங்களுக்கான நிரல்மொழி) ஸ்கிரிப்ட், புது சர்வரில் வெறும் வெள்ளைப் பக்கம் காட்டுகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். சர்வர் தன் பிழைகளைக் குறித்துவைக்கும் எர்ரர் லாகைப் பார்க்கச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி, விடை அங்கேதான் இருந்தது. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தோடு பேச ஸ்கிரிப்ட் பயன்படுத்திய பழைய ஃபங்ஷன்களை பிஎச்பி 7-லேயே நீக்கிவிட்டார்கள். புது சர்வரில் இருப்பது 8. எல்லாவற்றையும் அதே வேலையைச் செய்யும் பிடிஓ-வுக்கு மாற்றினேன்.

பக்கம் வந்தது, ஆனால் தமிழ்த் தலைப்புகள் அத்தனையும் புரியாத லத்தீன் எழுத்துகள்! பதறிவிட்டேன். பழைய டேபிளும் கனெக்ஷனும் லத்தீன்1, அதாவது தமிழ் எழுத்துகளே இல்லாத குறியாக்கம். தமிழையும் எழுத உதவும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தின் பைட்டுகள் அப்படியே அதற்குள் போய் உட்கார்ந்திருக்கின்றன. பேக்கப் எடுத்துக்கொண்டு, ஃபீல்டை முதலில் பிளாப் (எழுத்தாகப் பார்க்காமல் வெறும் பைட்டுகளாக வைக்கும் வகை) ஆக்கி, அதன்பிறகு யூடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்க்யூஎல்லில் முழுமையான யூடிஎஃப்-8) டெக்ஸ்ட் ஆக்கினேன். தயவுசெய்து லத்தீன்1-இலிருந்து நேரடியாக மாற்றிவிடாதீர்கள், குழப்பம் அப்படியே நிலைத்துவிடும்.

நேற்று இரவு முதல் தலைப்புகள் சரியாகத் தெரிகின்றன.