அசைன்மென்டில் ஆசிரியர் எழுதும் ஃபீட்பேக்கைப் படிக்கிறீர்களா?

மஞ்சூர்க்காரி:
இங்கே நீலகிரி மலையிலேயே ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. புவியியல் படிக்கிறேன். போன செமஸ்டரில் கேரட் தோட்டங்களின் மண் அரிப்பு பற்றி அசைன்மென்ட். எமரால்டு ஊர்ப் பக்கம் மழை விட்ட மறுநாள் போய், ஓடையில் சேரும் கலங்கல் தண்ணீரை பாட்டிலில் பிடித்து வைத்து, அடியில் எவ்வளவு வண்டல் படிகிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து எழுதினேன். தாள் திரும்பி வந்தபோது கடைசிப் பக்கத்தில் ‘நன்று, 18/25’. அவ்வளவுதான்.

இந்த செமஸ்டரில் அதையே விரிவாக்கிக் கொடுத்தேன். வேறொரு மேடம் திருத்தினார். மார்ஜினில் பென்சிலால் ஒரு கேள்வி: ‘நீ பார்த்த பாத்தியெல்லாம் சரிவோடு இறங்குகிறது. சரிவுக்குக் குறுக்கே பாத்தி போட்ட தோட்டத்தில் தண்ணீர் எப்படி வருகிறது?’ மார்க் 16தான். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையே பாட்டிலோடு கிளம்பிவிட்டேன். ஒருவர் என் தாளை வரிவரியாகப் படித்திருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

கூடப் படிப்பவர்கள் பலர் மார்க்கைப் பார்த்ததும் தாளை மூடிவிடுகிறார்கள். உங்களுக்கு எப்படி?

கூடலூர் பி.காம்.:
அக்கா, தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். ‘மொழி சரியில்லை’ என்று சிவப்பு மையில் பார்த்தால், உனக்கெல்லாம் எதற்குப் படிப்பு என்று கேட்ட மாதிரி இருக்கும். எந்த வரி சரியில்லை என்றாவது சொல்ல வேண்டாமா? தாள் கைக்கு வருவதும் செமஸ்டர் முடிகிற நேரத்தில்தான். அப்புறம் படித்து என்ன செய்ய?

கோத்தகிரி வாத்தியார்:
தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1999-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. கட்டுரையில் குறைகளை மட்டும் எழுதித் தந்தபோது, கறுப்பின மாணவர்கள் பலருக்குத் திருத்தி எழுதும் ஆர்வம் குறைந்தது. ‘நான் எதிர்பார்க்கும் தரம் உயர்ந்தது, உன்னால் அதை எட்ட முடியும்’ என்று சேர்த்துச் சொன்னதும் ஆர்வம் ஏறியது. குறை அதே குறைதான். சொல்பவர் மாணவரைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதைத்தான் அந்த மாணவர் முதலில் பார்க்கிறார். ‘உனக்கெல்லாம் எதற்கு’ என்று காதில் விழுந்தால் அடுத்த வரி உள்ளே போகாது.

மார்க் விஷயமும் அப்படித்தான். 1988-ல் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் பள்ளிப் பிள்ளைகளிடம் பார்த்தது: கருத்து மட்டும் வாங்கியவர்களுக்கு ஆர்வம் நிலைத்தது, மார்க் மட்டும் வாங்கியவர்களுக்கும், மார்க்கும் கருத்தும் சேர்த்து வாங்கியவர்களுக்கும் பொதுவாக ஆர்வம் குறைந்தது. அதனால் என் வகுப்பில் முதலில் கருத்து, அவர்கள் திருத்தித் தந்த பிறகே மார்க். வேலை இரட்டிப்பாகிறது, உண்மைதான். ஆனால் பிள்ளைகள் சந்தேகம் கேட்க ஸ்டாஃப் ரூமுக்கு வருகிறார்கள்.

மஞ்சூர்க்காரி:
நன்றி சார். அடுத்த முறை வரைவையே முதலில் காட்டலாமா என்று மேடத்திடம் கேட்கப் போகிறேன். தம்பி, நீயும் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய், ‘எந்தப் பத்தியை முதலில் திருத்தட்டும்?’ என்று மட்டும் கேட்டுப் பார். தயக்கமாக இருந்தால் எனக்கு அனுப்பு, சேர்ந்தே பார்ப்போம்.