காட்டு ஜின்செங் தோண்டப் போனவர்களே, கையில் என்ன கொண்டு போனீர்கள்?

செப்டம்பர் பிறக்கப் போகிறது. ஜின்செங் என்பது மருந்துக்காகத் தோண்டி எடுக்கும் ஒரு வேர். அமெரிக்காவில், எங்கள் மேற்கு வர்ஜீனியாவில் 1-ஆம் தேதி அதைத் தோண்டும் பருவம் தொடங்கி நவம்பர் 30 வரை போகும். கூட வேலை பார்ப்பவர் தன் மாமனாருடைய மலைக்காட்டுக்கு என்னையும் கூப்பிட்டிருக்கிறார். வீட்டில் இருப்பது ஒரு ஷவலும், ரோஜாத் தொட்டிக்கு வாங்கிய சின்னக் கரண்டியும்தான். கடையில் விதவிதமாக வைத்திருக்கிறார்கள், எதை எடுப்பது என்று புரியவில்லை. நேரில் தோண்டியவர்கள் இருந்தால் நடந்ததை அப்படியே எழுதுங்கள். அம்மாவிடம் போனில் சொன்னேன். “இஞ்சி பிடுங்கவா மலை ஏறப் போகிறாய்?” என்கிறார்.

*

தம்பி, அந்த ஷவலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். இதைச் சொல்ல யாரும் இல்லாமல்தான் நான் என் முதல் வேரையே கெடுத்தேன்.

கிழக்கு கென்டக்கியில் பல வருடம் இருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு வீட்டுக்குப் பின்னாலேயே சொந்தக் காடு. அந்தப் பக்கத்து ஆட்கள் ஜின்செங் என்று முழுசாகச் சொல்ல மாட்டார்கள், ‘சாங்’ என்றுதான் சொல்வார்கள். செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் கூட்டிப் போனார். வடக்குப் பார்த்த சரிவு, மேப்பிள் மர நிழல், காலடியில் கறுத்த மண். ஐந்து இலையாக விரிந்த கிளைகள் நான்கு, நடுவில் கொத்தாகச் சிவப்புப் பழம். அவர் காட்டுவதற்கு முன்பே எனக்குக் கண்ணில் பட்டுவிட்டது. அந்தத் தெம்பில், செடியிலிருந்து அரை அடி தள்ளி ஷவலை ஊன்றி மிதித்தேன். உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம். கேரட் உடைகிற சத்தம் தெரியுமல்லவா, அதேதான்.

தண்டு இருக்கும் இடத்துக்கு நேர் கீழே வேர் இருக்கும் என்று நான் நினைத்துவிட்டேன். அது அப்படி வளர்வதில்லை. தண்டுக்குக் கீழே கழுத்து மாதிரி மெல்லிய ஒரு பகுதி வளைந்து வளைந்து போகும், அதற்கப்புறம்தான் வேர் பருக்கும். சரிவில் அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று மேலிருந்து சொல்ல முடியாது. நான் ஷவலை மிதித்த பக்கமாகவே அது சாய்ந்திருந்தது.

பெரியவர் திட்டவில்லை. துண்டுகளைப் பொறுக்கி, மண்ணை ஊதிவிட்டு, கழுத்தைக் காட்டினார். வருடா வருடம் தண்டு உதிர்ந்ததும் அந்த இடத்தில் ஒரு தழும்பு விழும். ஒன்றன் மேல் ஒன்றாக எண்ணலாம். 18 எண்ணினார். ஐந்து வருடச் செடி என்றால் குறைந்தது 4 தழும்பு இருக்க வேண்டும். அதற்கும் குறைந்ததைத் தோண்டுவது சட்டப்படி தப்பு. ஆக, கழுத்துதான் அதன் பிறப்புச் சான்றிதழ். கழுத்து போன வேரை வியாபாரியிடம் நீட்டினால், வயசுக்கு அத்தாட்சி கேட்பார், இல்லையென்றால் விலையைக் குறைப்பார். 1975-லிருந்து இது சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள செடி. ஹாங்காங்குக்கும் சீனாவுக்கும் போகிற சரக்கு, அதனால் கணக்கெல்லாம் கறாராக இருக்கும்.

அப்புறம் அவர் தன் கருவியை எடுத்தார். ‘சாங் ஹோ’ என்பார்கள். நம் களைக்கொத்தைக் கொஞ்சம் நீட்டி, அலகை இரண்டு விரல் அகலத்துக்குக் குறுக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. அவருடைய அப்பா, பழைய கார்ப் பட்டையைக் கொல்லரிடம் கொடுத்து அடித்து வாங்கியதாம். நம் ஊர்ப் பட்டறையில் லாரிப் பட்டையில் அரிவாள் அடிப்பார்களே, அதே சங்கதி. பிடி கை பட்டுப் பட்டுக் கறுத்து, கண்ணாடி போல வழவழவென்று இருந்தது. ஏறும்போது அதையே கைத்தடியாக ஊன்றினார். பெரணியை அதால் விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் காலை வைத்தார். அந்த மலையில் கண்ணாடி விரியனுக்குச் சித்தப்பா பெரியப்பா எல்லாம் உண்டு.

அடுத்த செடியை அவர் தோண்டியதைச் சொல்கிறேன். முதலில் கருவியே இல்லை. சருகைக் கையால் ஒதுக்கி, தண்டின் அடியை விரலால் தடவி, கழுத்து எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டார். அப்புறம் ஒரு சாண் தள்ளி, பள்ளத்துப் பக்கமாக அந்தக் கொத்தால் நாலைந்து கொத்து. வேரை நோக்கி ஒரு கொத்துகூட விழவில்லை, எல்லாம் பக்கத்து மண்ணுக்குத்தான். குழி ஆனதும் கொத்தைக் கீழே வைத்துவிட்டார். மீதி முழுக்க ஒரு முழ நீளப் பழைய ஸ்குரூடிரைவரால்தான். முனை மழுங்கிப் போனது. அதால் மண்ணைக் குத்தி இளக்குவார், விரலால் வழிப்பார், சின்னக் கல்லை நெம்பி எடுப்பார். மேப்பிள் வேர் குறுக்கே வந்தால் செடி வெட்டும் கத்தரியால் அதை மட்டும் நறுக்குவார். கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. கடைசியில் வேர் தானாகக் கையில் வந்து படுத்துக்கொண்டது, அவர் இழுக்கவே இல்லை.

பழங்களை அதே இடத்தில் ஒரு விரற்கடை ஆழத்தில் புதைத்துச் சருகை மூடினார். அது அவருடைய நல்ல மனசு மட்டுமல்ல, விதியும்கூட.

ஆக, நான் சொல்வது: குறுகிய அலகுள்ள கைக்கொத்து ஒன்று, நீளமான மழுங்கிய ஸ்குரூடிரைவர் ஒன்று. கொத்தைவிட ஸ்குரூடிரைவருக்குத்தான் வேலை அதிகம். பிடியில் பளிச்சென்று சிவப்பு டேப் சுற்றிக்கொள்ளுங்கள். மரப்பிடி போட்ட கொத்து ஒன்றை அக்டோபர் சருகில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்த்தால் காணோம். இன்னும் அங்கேதான் கிடக்கும்.

*

அண்ணன் சொன்னதோடு ஒன்று. ஹோரி ஹோரி என்று ஜப்பான் தோட்டக் கத்தி விற்கிறார்களே, அதை வாங்கிக்கொண்டு டென்னசியில் நண்பர் ஒருவரின் நிலத்துக்குப் போனேன். அலகில் அங்குலக் கணக்கெல்லாம் பொறித்திருக்கும், பார்க்க அழகு. இளகிய மண்ணில் நன்றாகத்தான் இறங்கியது. ஆனால் இரண்டு பக்கமும் விளிம்பு. வேர்த்தோலில் லேசாகப் பட்டாலே வெள்ளையாக ஒரு கோடு. மூன்று வேரில் இரண்டுக்குக் கீறல். இப்போது அது பூண்டு நடுவதற்கு.

நில உரிமையாளரின் அனுமதியை எழுதி வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்தவர்தானே என்று விட்டுவிடாதீர்கள். ஸ்மோக்கி மலை தேசியப் பூங்காவுக்குள் என்றால் ஒரு வேர்கூடத் தொட முடியாது.

*

நான் சீனாவில் சாங்சுன் நகரத்தில் மருத்துவம் படித்தவள். விடுமுறையில் சாங்பாய் மலைப் பக்கம் போனபோது ஒரு முதியவர் தோண்டிக் காட்டினார். முழுக்கக் காட்டுச்செடி இல்லை, காட்டுக்குள் விதை தூவி வருடக்கணக்கில் விட்டுவிடும் வகை. அமெரிக்கச் செடிக்கு நெருங்கிய சொந்தம்தான், ஆனால் வேறு இனம்.

முதலில் தண்டில் சிவப்புக் கயிறு கட்டினார். இரண்டு நுனியிலும் செப்புக் காசு. கட்டாவிட்டால் ஜின்செங் ஓடிப்போய்விடுமாம்! அப்புறம் பையிலிருந்து எடுத்தது மான் எலும்பு. ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட இருக்கும், பென்சில் போலக் கூராக்கி வழவழப்பாகத் தேய்த்தது. வேருக்குப் பக்கத்தில் இரும்பைக் கொண்டு போகக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். நம்பிக்கையோ என்னவோ, எலும்பு வேர்மேல் பட்டாலும் வழுக்கிக்கொண்டு போவதை நான் பார்த்தேன். கீறவில்லை.

அவர்களுக்கு நுனியில் இருக்கும் நூல் வேர்கள் முக்கியம். ‘தாடி’ என்கிறார்கள். ஒரு முடி அறுந்தாலும் மதிப்புக் குறையும் என்றார். காலையில் டீ குடித்துவிட்டு உட்கார்ந்தவர், சாப்பாட்டு நேரத்துக்குத்தான் எழுந்தார். எடுத்த வேரைப் பாசியில் பொதிந்து, பிர்ச் மரப்பட்டையில் சுருட்டிக் கட்டினார்.

எலும்பு கிடைக்காவிட்டால் மூங்கில் குச்சியைச் சீவிப் பாருங்கள். நான் வீட்டில் மஞ்சள் கிழங்கு எடுக்க அப்படித்தான் செய்கிறேன்.

*

அமுக்கராவைத்தானே இந்திய ஜின்செங் என்கிறார்கள், அதற்கும் இதே கருவி சரிப்படுமா?

*

பெயர்தான் அப்படி, குடும்பமே வேறு. அமுக்கரா கத்தரிக்காய்க்குச் சொந்தம். வயலில் பயிராக்குவது, செடியோடு பிடுங்கிவிடுவார்கள். இவ்வளவு மெனக்கெட வேண்டாம்.

*

கேள்வி கேட்டவன்தான். போய்விட்டு வந்துவிட்டேன்.

எல்லார் சொன்னதையும் கலந்துகட்டி எடுத்துப் போனேன்: பழைய கடையில் வாங்கிய குட்டிக் கொத்து, அதன் அலகைப் பட்டறைக்காரர் ஒருவர் குறுக்கித் தந்தார். ஒரு ஸ்குரூடிரைவர், மூங்கில் குச்சி இரண்டு. மாமனார் மூங்கிலைப் பார்த்துச் சிரித்தார். இரண்டாவது வேருக்கு அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். கல்லிடுக்கில் ஒரு குச்சி ஒடிந்தது, வேருக்கு ஒன்றும் ஆகவில்லை.

நாள் முழுக்க ஐந்து வேர். இரண்டே கிளை விட்ட இளஞ்செடிகளைத் தொடவில்லை. பெரிய வேரின் கழுத்தில் 23 தழும்பு, நான் பத்தாவது படித்த காலத்துச் செடி. குழாய்த் தண்ணீரில் அலசினால் போதும், பிரஷ் போடாதே என்றார் மாமனார். இப்போது சல்லடையில் நிழலில் காய்கிறது. மூன்று பங்கு பச்சை வேர் காய்ந்தால் ஒரு பங்குதான் தேறுமாம்.

அண்ணா, அந்தச் சிவப்பு டேப் யோசனை மட்டும் வேண்டாம். தூரத்தில் பழக்கொத்து தெரிகிறது என்று சரிவில் இரண்டு தடவை மூச்சு வாங்க ஏறினேன். இரண்டு தடவையும் நான் வைத்துவிட்டு வந்த ஸ்குரூடிரைவர். நீலம் சுற்றுங்கள்.