கவிதா மகள் காதுகுத்தும் சித்தப்பாவின் பல்வலியும்

குழு: வேலாயுதம் தாத்தா குடும்பம் (2025 ஜூலை)

கவிதா: எல்லோருக்கும் வணக்கம். பாப்பாவுக்குக் காதுகுத்து ஆனி கடைசி ஞாயிறு, நம்ம வீரனார் கோயிலில். பத்திரிகை நாளை போடுகிறேன். சென்னையிலிருந்து எத்தனை பேர் என்று சொன்னால் வேன் பேச வசதி.

ராஜம் அத்தை: நல்லது சாமி. கிடா எத்தனை?

மணி மாமா: முக்கியமான கேள்வி.

சித்தப்பா: [பலமுறை பகிரப்பட்டது] எச்சரிக்கை!! சிங்கப்பூர், ஹாங்காங்கில் பரவும் புதிய கொரோனா தமிழ்நாட்டுக்குள் நுழைந்துவிட்டது. பழையதைவிடப் பல மடங்கு கொடியது. சீனா ஆய்வகத்தில் செய்தது என்று அமெரிக்காவே நிரூபித்துவிட்டது. சுப காரியங்களைத் தள்ளி வைக்கவும். மார்கட் ஆட்களை வீட்டில் சேர்க்க வேண்டாம். பத்துக் குழுக்களுக்கு அனுப்பவும்.

சித்தப்பா: என் பங்குக்குச் சொல்லிவிட்டேன். அப்புறம் உங்கள் இஷ்டம்.

பிரபு: மாமா, நான் இருப்பதே சிங்கப்பூரில்தான். இங்கே எல்லோரும் ஹாக்கர் சென்டரில் உட்கார்ந்து மீ கோரேங் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ராஜம் அத்தை: நீ சமைத்துச் சாப்பிடுகிறேன் என்று சொன்னாயே

பிரபு: அம்மா அது வேறு விஷயம்

செந்தில்: மார்கட் ஆட்கள் என்றால் யார் சித்தப்பா?

சித்தப்பா: வந்த செய்தியை அப்படியே போட்டேன். நான் எழுதியது இல்லை.

நிலா: சித்தப்பா, இதே செய்தி எங்கள் அபார்ட்மெண்ட் குழுவில் காலையிலேயே வந்தது. அதில் அந்த மார்கட் வரி இல்லை.

மணி மாமா: ஆஹா

நிலா: தேன்மொழி சித்தியின் சுயஉதவிக் குழுவில் அந்த வரியோடு வந்திருக்கிறது. ஜெயங்கொண்டம் பள்ளி நண்பர்கள் குழுவிலும் வரியோடு. இரண்டிலும் அனுப்பியது சித்தப்பா. எந்த இடத்தில் வரி ஒட்டியது என்பது இதிலேயே தெரிகிறது. வைரஸின் வழியையும் இப்படித்தான் பிடிக்கிறார்கள். கொரோனாவின் மரபணு கிட்டத்தட்ட 30,000 எழுத்து. ஓர் ஆளிலிருந்து இன்னோர் ஆளுக்குப் போகும்போது அங்கங்கே பிழை விழும், சராசரியாக மாதம் இரண்டு. ஒரே பிழை இரண்டு பேரிடம் இருந்தால் இருவரும் ஒரே கிளை. வூகானில் ஆரம்பத்திலேயே ஏ, பி என்று இரண்டு கிளைகள் இருந்தன. இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டே எழுத்து.

மணி மாமா: நம் குடும்பத்தில் மூன்று கிளை.

செல்வி அம்மா: நிலா சாப்பிட்டாயா

நிலா: சாப்பிட்டேன் சித்தி

குமார்: வேன் 14 சீட்டா 18 சீட்டா?

சித்தப்பா: ஒரு வார்த்தைக்கு இவ்வளவு ஆராய்ச்சியா? பெரியவன் சொன்னால் குற்றம். அமெரிக்கா சொன்னால் ஒத்துக்கொள்வீர்கள்.

பிரபு: மாமா சொல்வதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது நிலா. அமெரிக்க உளவு அமைப்பு சிஐஏ ஜனவரியில் ஆய்வகம்தான் என்று சொன்னதே?

நிலா: ஆய்வகத்துக்கு வாய்ப்பு அதிகம் என்று சொன்னது, கூடவே அதில் தனக்கு நம்பிக்கை குறைவு என்றும் சொன்னது. பார்வர்டில் அந்தப் பாதி வராது. போன வாரம் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு அறிக்கை கொடுத்திருக்கிறது. கையில் இருக்கும் சான்றுகளில் பெரும்பகுதி விலங்கிலிருந்து வந்ததையே காட்டுகிறது என்கிறார்கள். ஆனால் ஆய்வகத்தைத் தள்ளிவிடவும் முடியவில்லை. ஆரம்ப நோயாளிகளின் நூற்றுக்கணக்கான மரபணு வரிசைகள், சந்தையில் விற்ற விலங்குகளின் விவரம், ஆய்வகத்தின் பாதுகாப்புப் பதிவுகள் எல்லாம் கேட்டார்கள். சீனா கொடுக்கவில்லை. கேட்டதைக் கொடுத்திருந்தால் பாதி வாய்ச்சண்டை அன்றே முடிந்திருக்கும்.

ராஜம் அத்தை: அப்போ வவ்வால் இல்லையா

நிலா: வவ்வாலும்தான் அத்தை. யுன்னான் வவ்வாலிலும் லாவோஸ் வவ்வாலிலும் இதற்கு 96 சதவீதத்துக்கு மேல் ஒத்த வைரஸ் கிடைத்திருக்கிறது. ஆனால் மீதி வித்தியாசம் பல பத்து வருடத்துக் கதை. நடுவில் இன்னொரு விலங்கு இருந்திருக்கலாம் என்கிறார்கள். 2002இல் சீனாவின் குவாங்டோங்கில் சார்ஸ் (இதே வகை வைரஸ் நோய்) வந்தபோது அடுத்த வருடமே சந்தையில் இருந்த புனுகுப்பூனைகளைச் சோதித்துப் பிடித்தார்கள், பூனைகள் கூண்டிலேயே இருந்ததால். முதல் நோயாளிகள் பலருக்குத் தொடர்பு இருந்த, ரக்கூன் நாய்களும் விற்ற வூகான் ஹுவானான் சந்தையை 2020 ஜனவரி 1 அன்று மூடிக் கழுவிவிட்டார்கள். பஞ்சால் ஒற்றி மாதிரி (ஒற்று) எடுக்கப் போனபோது ரக்கூன் நாய்கள் எதுவும் இல்லை. பிறகு பார்த்தால் அந்தக் கடைகளில் எடுத்த ஒற்றுகளில் ரக்கூன் நாயின் மரபணுவும் இருக்கிறது, வைரஸும் இருக்கிறது. அந்த நாய்க்கே தொற்று இருந்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

மணி மாமா: ரக்கூன் நாய் என்றால் நாயா பூனையா?

நிலா: நரி வகை மாமா. ரோமத்துக்காக வளர்ப்பார்கள்.

கவிதா: அக்கா தயவுசெய்து வேன் விஷயம்

செந்தில்: வேனில் எனக்கு இடம் வேண்டாம் கவிதா.

கவிதா: அண்ணா

கவிதா: மாமன் மடியில் உட்காராமல் எப்படிக் காது குத்துவது?

செந்தில்: சித்தப்பா மடியில் உட்கார வை. அவருக்கு எதுவும் தொற்றாது.

குமார்: மச்சான் அப்படிச் சொல்லாதீர்கள்

சித்தப்பா: ஐந்து வருடத்துக்கு முந்தியதை நான் எடுக்கவில்லை. அவனே எடுக்கிறான். 2020 மே மாதம் இந்த வீட்டுக்குக் கோயம்பேட்டிலிருந்து வந்தது யார் என்று ஊருக்கே தெரியும். முதல் பாசிடிவ் யார் பெயர்? வாசலில் ஸ்டிக்கர் ஒட்டித் தெருவுக்குத் தகரம் அடித்தது யாரால்? அப்பா போனது எந்த மாதம்?

செல்வி அம்மா: கொழுந்தனாரே வேண்டாம்

பிரபு: மாமா இது தேவையில்லாதது

செந்தில்: நான் இறங்கியது மே 2, காலி லாரியில். மே 5 மார்க்கெட்டை மூடித் திருமழிசைக்கு மாற்றினார்கள். கோயம்பேடு லிஸ்ட்டில் பெயர் இருந்ததால் என்னைத் தேடி வந்து மூக்கில் குச்சி விட்டார்கள். எனக்குத் தும்மல்கூட இல்லை. பள்ளிக்கூடத்தில் தனியாக வைத்தார்கள், இருந்தேன். கருமாதிக்கு வந்தபோது நெகடிவ் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தெருவிலேயே நின்றுவிட்டுத் திரும்பினேன். ஒருவர்கூட உள்ளே வா என்று சொல்லவில்லை.

மணி மாமா: நான் காபி கொண்டுவந்தேன்

செந்தில்: பேப்பர் கப்பில், காம்பவுண்டு சுவர் மேல் வைத்துவிட்டுப் போனீர்கள் மாமா.

நிலா: நான் ஒன்று சொல்லலாமா. முதலில் பரிசோதனை செய்த ஆள் வேறு, முதலில் தொற்றிய ஆள் வேறு. செந்தில் அண்ணன் லிஸ்ட்டில் இருந்தார், அதனால் கண்ணில் பட்டார். அந்த வாரம் வீட்டில் வேறு யாரையும் யாரும் சோதிக்கவில்லை. வூகானிலும் இதே தகராறுதான். முதலில் வந்த 41 நோயாளிகளில் 27 பேருக்குச் சந்தைத் தொடர்பு. சந்தை ஆட்களைத் தேடியதால்தான் சந்தை ஆட்கள் கிடைத்தார்கள் என்று ஒரு கட்சி. அதைச் சோதிக்க மைக்கேல் வொரோபி என்ற ஆராய்ச்சியாளரும் மற்றவர்களும் ஒரு வேலை செய்தார்கள். சந்தைக்குப் போகாத டிசம்பர் நோயாளிகளின் வீடுகளை மட்டும் வரைபடத்தில் குறித்தார்கள். அவையும் சந்தையைச் சுற்றியே விழுந்தன. சோதனை என்றால் அப்படிச் செய்ய வேண்டும், ஸ்டிக்கர் ஒட்டிய வீட்டைப் பார்த்து முடிவு கட்டக் கூடாது.

நிலா: அதற்கு முன்னால் இன்னொன்று. உலக சுகாதார நிறுவனமும் சீனாவும் சேர்ந்து 2021இல் போட்ட அறிக்கையில் 174 டிசம்பர் நோயாளிகள். அதில் முதல் ஆள் ஒரு கணக்காளர், நோய் தொடங்கியது டிசம்பர் 8, சந்தைக்கே போகாதவர். அதை வைத்துச் சந்தைக் கதை பொய் என்று எல்லோரும் பேசினார்கள். வொரோபி ஆஸ்பத்திரிப் பதிவுகளைத் தோண்டிப் பார்த்தார். டிசம்பர் 8 அன்று அவருக்கு இருந்தது பல் பிரச்சினை. காய்ச்சல் வந்தது 16ஆம் தேதி. அதற்குள் சந்தையில் மீன் விற்ற ஒரு பெண் படுத்துவிட்டார்.

ராஜம் அத்தை: பல்லா

ராஜம் அத்தை: அப்போ நம் சின்னவனும் பல்வலி என்றுதானே படுத்திருந்தான்

சித்தப்பா: அக்கா அது வேறு

ராஜம் அத்தை: அட்சய திருதியை அன்று பாயசம் கொடுத்தனுப்பினேன். இனிப்பே இல்லை என்று தூக்கோடு திருப்பி அனுப்பினான். நான் ஒரு கை சர்க்கரை கூடவே போட்டிருந்தேன். அவ்வளவும் மணிதான் குடித்தது.

மணி மாமா: நல்ல இனிப்பு. சுகர் 240 ஆனது அன்றுதான்.

பிரபு: 2020 அட்சய திருதியை ஏப்ரல் 26. பார்த்துவிட்டேன்.

செந்தில்: நான் வருவதற்கு முந்தின வாரம்.

சித்தப்பா: பல்வலியில் யாருக்கு ருசி தெரியும்? கன்னம் வீங்கியிருந்தது. தேன்மொழியைக் கேளுங்கள்.

தேன்மொழி சித்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மணி மாமா: நான் படித்துவிட்டேன் 😄

தேன்மொழி சித்தி: மாமா சும்மா இருங்கள்

செந்தில்: அப்போது சித்தப்பா கடைக்குப் பெரிய வெங்காயம் எங்கள் கோயம்பேடு மண்டியிலிருந்துதான் வந்தது. லோடு இறக்கிய ஆட்கள் கடை வராந்தாவில்தான் டீ குடிப்பார்கள்.

நிலா: அதனால் சித்தப்பாதான் என்றும் சொல்ல முடியாது. அவருக்கு யாரும் ஒற்று எடுக்கவில்லை. நம் வீட்டு ஒற்று எதையும் மரபணு வரிசைப்படுத்தியிருக்க மாட்டார்கள். மாநில அரசே அதற்கென்று தேனாம்பேட்டையில் ஆய்வுக்கூடம் திறந்தது 2021 செப்டம்பரில்தான். இப்போது இரத்தம் எடுத்தால் எல்லோருக்கும் தடுப்பூசியும் பழைய தொற்றும் கலந்துதான் தெரியும்.

சித்தப்பா: அப்போ அவன் இல்லை என்றும் சொல்ல முடியாது அல்லவா?

நிலா: முடியாது. ஆனால் ஐந்து வருடமாக இந்தக் குடும்பம் சொன்னது ஒரு பெயரைத்தான்.

நிலா: இன்னொன்றும் இருக்கிறது. தமிழ்நாடு, ஆந்திரா சுகாதாரத் துறையினர் தேடிப் பிடித்த தொடர்புகளை வைத்து 2020இலேயே ஒரு பெரிய ஆய்வு வந்தது. 84,965 நோயாளிகள், அவர்களோடு பழகிய 5,75,071 பேர். உலகத்திலேயே அப்போது அதுதான் பெரிய கணக்கு. பத்தில் ஏழு நோயாளிகளிடமிருந்து வேறு யாருக்கும் போனதாகப் பதிவே இல்லை. சிலரிடமிருந்துதான் பலருக்குப் போயிருக்கிறது. பாசிடிவ் என்ற ஒரு சீட்டை வைத்து யார் யாருக்குக் கொடுத்தார் என்று சொல்லவே முடியாது.

குமார்: 18 சீட் ஏசி என்றால் மூவாயிரம் கூட கேட்கிறார்

செல்வி அம்மா: ஏசி வேண்டாம். கிருமி அதில்தான் சுற்றும்

நிலா: சித்தி சொல்வது சரி. ஜன்னல் திறந்த வேன் நல்லது.

சித்தப்பா: அப்போ இந்தப் புதுக் கிருமி பொய்யா? அதையும் சொல்லிவிடு.

நிலா: பொய் இல்லை. என்பி.1.8.1 என்று பெயர். ஒமிக்ரான் வம்சம். ஏப்ரலில் தமிழ்நாட்டு மாதிரி ஒன்றிலேயே பிடித்துவிட்டார்கள், உங்கள் பார்வர்டு தூங்கிக்கொண்டிருந்தபோது. பல மடங்கு கொடியது என்பதற்குச் சான்று இல்லை. ஜூன் நடுவில் ஏறிய எண்ணிக்கை இப்போது இறங்கிவிட்டது. விசேஷத்தைத் தள்ளி வைக்க வேண்டாம். இருமல், காய்ச்சல் உள்ளவர்கள் வர வேண்டாம், அப்பாயி பக்கத்தில் உட்காருகிறவர்கள் முகக்கவசம் போடட்டும்.

மணி மாமா: கபசுரக் குடிநீர் உண்டா? நான் அதற்காக வர மாட்டேன்.

கவிதா: [குரல் பதிவு 0:48]

கவிதா: அப்பாயி பேசியது. கேட்க முடியாதவர்களுக்கு: "எம் பேரன் மடியில உட்காராம எங் கொள்ளுப்பேத்திக்குக் காது குத்துனா நா கோயிலுக்கு வரல. யாரு கிருமிய கொண்டாந்தா என்ன, அந்த மனுசனுக்கு எண்பத்தாறு வயசு. செந்திலு தெருவுல நின்னத நா சன்னல்ல பாத்தேன், எனக்கு நடக்க முடியல."

செல்வி அம்மா: 🙏

ராஜம் அத்தை: அம்மா சொன்னால் சரிதான்

சித்தப்பா: நான் யாரையும் வர வேண்டாம் என்று சொல்லவில்லை.

பிரபு: மாமா அந்த மார்கட் வரியை மட்டும் நீக்கிவிடுங்கள்

சித்தப்பா: எல்லோருக்கும் நீக்குவது எப்படி என்று தெரியவில்லை. என் போனில் மட்டும் போகிறது.

தேன்மொழி சித்தி: நேரம் தாண்டிவிட்டால் முடியாது. விடுங்கள்.

ராஜம் அத்தை: சமையலுக்கு வெங்காயம் யார் எடுப்பது? மூன்று கிடாவுக்கு நிறைய வேண்டும்

சித்தப்பா: என் கடையிலேயே எடுக்கட்டும். அடக்க விலைக்குப் போடுகிறேன்.

செந்தில்: ஒரு மூட்டை பெரிய வெங்காயம் நான் ஏற்றிவிடுகிறேன் கவிதா. காசு வேண்டாம்.

கவிதா: ஏற்றிவிடுவதா, ஏற்றிக்கொண்டு வருவதா?

செந்தில்: சனிக்கிழமை லோடு எப்படி என்று பார்த்துச் சொல்கிறேன்.

குமார்: வேன்காரர் வெள்ளிக்குள் அட்வான்ஸ் கேட்கிறார். 18 சீட் என்றே சொல்லி வைக்கிறேன்.