வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு ஏர் பிஸ்டலில் மூடிய ரெட் டாட் தேவையா?

தோப்புக்காவல்
வணக்கம். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவன், வயது 54. காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு. பின்திண்ணையில் 10 மீட்டர் அளந்து, இரும்புப் பெட்டிக்குள் மணல் மூட்டை வைத்து, காகித டார்கெட்டில் தினம் முப்பது குண்டு சுடுவேன். குழலை மடக்கி ஸ்பிரிங் ஏற்றுகிற .177 ஏர் பிஸ்டல்.

இரண்டு வருடமாக ஃபோர்சைட் டிப், அதாவது குறி பார்க்கக் குழல் முனையில் இருக்கும் மேடு, பஞ்சு மாதிரி தெரிகிறது. வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டால் டிப் தெளியும், டார்கெட் கரைந்துவிடும். அதனால் போன மாதம் விலை குறைந்த ரெட் டாட் ஒன்று, திறந்த வகை, வாங்கி மாட்டினேன். சின்னக் கண்ணாடியில் சிவப்புப் புள்ளி தெரியும், அதை டார்கெட்டில் வைத்துக் குறி பார்க்கிற சைட். இப்போது மூன்று தொல்லை.

புள்ளி வட்டமாக இல்லை, வால் முளைத்த புளியங்கொட்டை மாதிரி இருக்கிறது. சில நாள் காலையில் எடுத்தால் அந்த வாலும் சிதறி மத்தாப்பு ஆகிவிடுகிறது. அப்புறம், புள்ளி இருக்கும் இடத்தில் குண்டு விழும்படி நன்றாக ஜீரோ செய்து வைத்தாலும் ஐம்பது குண்டுக்குள் குரூப், அதாவது குண்டுத் துளைகளின் கூட்டம், நகர்ந்துவிடுகிறது.

டாலஸில் இருக்கும் அக்கா மகன், "மாமா, மூடிய வகை வாங்கிக்கோங்க, எல்லாம் சரியாயிடும்" என்கிறான். அதன் விலையில் தோப்புக்கு ஒரு வருட மருந்தடிப்பே முடிந்துவிடும். உண்மையிலேயே சரியாகுமா?

ஓசூர் பத்து மீட்டர்
அண்ணா, போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனமான ஐ.எஸ்.எஸ்.எஃப்.-இன் பிஸ்டல் போட்டிகளில் திறந்த இரும்பு சைட் மட்டும்தான். திறந்ததோ மூடியதோ, ரெட் டாட்டுக்கு இடமில்லை. துப்பாக்கியில் லென்ஸ் மாட்டவும் கூடாது. நீங்கள் கண்ணாடி அணிந்து சுடலாம், அதற்குத் தடை இல்லை.

தோப்புக்காவல்
போட்டியெல்லாம் இல்லை தம்பி. மனசு ஒரு இடத்தில் நிற்கிறது, அதற்காகத்தான்.

பென்னாகரம் கண்ணாடிக்கடை
சார், வால் முளைப்பது சைட்டின் குற்றம் இல்லாமலும் இருக்கலாம். சைட்டைத் துப்பாக்கியில் இருந்து கழற்றிவிட்டு, போன் கேமராவை அதன் பின்னால் வைத்து ஒரு படம் எடுங்கள். படத்தில் புள்ளி வட்டமாக இருந்தால் குறை உங்கள் கண்ணில். இன்னொரு சோதனையும் உண்டு. சைட்டைக் கையில் பிடித்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். வால் கூடவே சுற்றினால் சைட் கோளாறு, சைட் சாய்ந்தும் வால் இருந்த திசையிலேயே நின்றால் கண்ணில் சிலிண்டர் பவர், அதாவது விழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இல்லாத குறை. அப்படியென்றால் எத்தனை ஆயிரம் கொடுத்து மூடிய வகை வாங்கினாலும் அதே புளியங்கொட்டைதான். வெளிச்சத்தை இரண்டு படி குறைத்தும் பாருங்கள், பாதி வால் அதிலேயே போய்விடும்.

வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு ரெட் டாட் பார்க்காதீர்கள். புள்ளி சைட்டின் கண்ணாடியில் ஒட்டியிருப்பது போலத் தோன்றினாலும் கண்ணுக்கு அது தூரத்தில்தான் இருக்கிறது. பார்வை டார்கெட்டில் இருக்க வேண்டும், இரண்டு கண்ணும் திறந்திருக்க வேண்டும். வயதானவர்களுக்கு இது ஒத்துவருவதே அதனால்தான்.

டாலஸ் தருமபுரிக்காரன்
உங்கள் அக்கா மகன் நான் இல்லை, ஆனால் அதே ஊரில் இருப்பதால் சொல்கிறேன். திறந்த வகையில் பின்பக்கம் உள்ள சின்ன எல்.இ.டி. முன்னால் இருக்கும் கண்ணாடியில் ஒளியை அடிக்கிறது, கண்ணாடி அதை நம் கண்ணுக்குத் திருப்புகிறது. இரண்டுக்கும் நடுவே திறந்த வெளி. அங்கே ஒரு மழைத்துளி, ஒரு தூசு விழுந்தால் போதும், புள்ளி சிதறும் அல்லது காணாமல் போகும். மூடிய வகையில் முன்னும் பின்னும் கண்ணாடி வைத்து அந்த இடத்தை அடைத்துவிடுகிறார்கள். அழுக்கு வெளிக்கண்ணாடியில்தான் படியும், பனியன் துணியால் துடைத்தால் போதும்.

இங்கே பிஸ்டலில் இந்த வகையைப் பரவலாக்கியது ஏய்ம்பாயின்ட் ஏக்ரோ, 2019-இல் வந்தது. இப்போதுள்ள பி-2 மாடலில் புள்ளி 3.5 எம்.ஓ.ஏ. (புள்ளியின் அளவைச் சொல்லும் கோண அலகு), பேட்டரி சிஆர்2032. ஹோலோசன் 509டி-யில் 2 எம்.ஓ.ஏ. புள்ளி, அதைச் சுற்றி 32 எம்.ஓ.ஏ. வளையம், பேட்டரி சிஆர்1632. ஆனால் இவையெல்லாம் 9 மி.மீ. பிஸ்டலின் ஸ்லைடுக்கு, அதாவது சுடும்போது பின்னால் நகரும் மேல்பாகத்துக்கு, செய்தவை, ஆளுக்கொரு அடித்தளம். உங்கள் ஏர் பிஸ்டலில் இருப்பது பெரும்பாலும் 11 மி.மீ. டவ்டெயில் (சைட்டைக் கவ்வ வைக்கும் பள்ளம்), அதில் இவை நேராக உட்காராது. பெட்டியில் போட்டுக் கொண்டுவருவதும் அவ்வளவு லேசு இல்லை, துப்பாக்கி சைட்டுக்கு அமெரிக்காவில் ஏற்றுமதிக் கட்டுப்பாடு உண்டு. பையனை மாட்டிவிட்டுவிடாதீர்கள்.

ஓசூர் பத்து மீட்டர்
புள்ளி அளவைக் கவனியுங்கள். 1 எம்.ஓ.ஏ. 10 மீட்டரில் ஏறத்தாழ 2.9 மி.மீ. ஏர் பிஸ்டல் டார்கெட்டில் பத்து வளையம் 11.5 மி.மீ. 3 எம்.ஓ.ஏ. புள்ளி 8.7 மி.மீ., பத்துக்குள் அடங்கும். 6 எம்.ஓ.ஏ. என்றால் 17.5 மி.மீ., பத்தையே மூடிவிடும்.

குரூப் நகர்வதற்குக் காரணம் ஸ்பிரிங். பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும், பிஸ்டன் முட்டி நின்றதும் துப்பாக்கி முன்னால் குலுங்கும். இந்த இரட்டை உதையில் கிளாம்ப் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு ஊரும். டவ்டெயிலில் பென்சில் கோடு ஒன்று போட்டு வைத்து ஐம்பது குண்டு கழித்துப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, நகராமல் தடுக்கும் ஸ்டாப் பின் உள்ள மவுன்ட் (சைட்டைப் பிடிக்கும் அடித்தளம்) போட வேண்டும். நானும் இதே உதையில் ஒரு ரெட் டாட்டை உடைத்திருக்கிறேன், அதனால் ஸ்பிரிங் துப்பாக்கிக்குத் தாங்கும் என்று எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

பர்கூர் லைசென்ஸ்
இடையில் ஒரு சந்தேகம். என்னிடம் லைசென்ஸ் உள்ள .32 பிஸ்டல் இருக்கிறது. ஸ்லைடை வெட்டி மூடிய ரெட் டாட் வைக்கலாமா? தெரிந்த லேத் பட்டறைக்காரர் செய்து தருகிறேன் என்கிறார்.

டாலஸ் தருமபுரிக்காரன்
வேண்டவே வேண்டாம். 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கே லைசென்ஸ் வேண்டும். பட்டறைக்காரரும் மாட்டிக்கொள்வார், நீங்களும் மாட்டிக்கொள்வீர்கள்.

தோப்புக்காவல்
எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன்.

போனில் புள்ளி குண்டூசித் தலை போல வட்டமாக இருக்கிறது. ஆக, கண்தான். தருமபுரியில் பரிசோதித்ததில் வலது கண்ணில் சிலிண்டர் 0.75. தூரப்பார்வைக் கண்ணாடியில் அதைப் போட்டுத் தந்தார்கள், வால் போயே போச்சு.

பென்சில் கோட்டில் இருந்து கிளாம்ப் ஒரு நெல்மணி அகலம் பின்னால் வந்திருந்தது. ஸ்டாப் பின் மவுன்ட் சொல்லியிருக்கிறேன்.

மத்தாப்பு விஷயம்தான் வேடிக்கை. டார்ச் அடித்து, உரப்பை தைக்கிற ஊசியால் நெருடிப் பார்த்தேன். எல்.இ.டி. இருக்கும் குழியில் இருந்து கண்ணாடி வரைக்கும் சிலந்தி நூல். அதில் மாம்பூத்தூள் வேறு ஒட்டிக்கிடக்கிறது. ஸ்டோர் ரூம் பலகையில் வைத்தால் வேறென்ன ஆகும்!

பென்னாகரம் கண்ணாடிக்கடை
டப்பாவில் போட்டு வைக்கக் கூடாதா சார்? பேரப்பிள்ளைகள் வருகிற வீடு வேறு. ஏர் பிஸ்டல் என்றாலும் பூட்டித்தான் வைக்க வேண்டும்.

தோப்புக்காவல்
நியாயம்தான். பட்டாளத்தில் இப்படி வைத்திருந்தால் ஹவில்தார் தோலை உரித்திருப்பார். அன்றே ட்ரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். இப்போது பத்துக்கு ஆறு குண்டு டார்கெட்டின் நடுக் கறுப்புக்குள் விழுகிறது. மூடிய வகையே வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். 3 எம்.ஓ.ஏ., 11 மி.மீ. கிளாம்ப், ஸ்பிரிங் உதை தாங்குவது, சிஆர்2032 பேட்டரி போடுவது. அந்த பேட்டரி காவேரிப்பட்டணத்திலேயே வாட்ச் கடையில் கிடைக்கிறது. இங்கேயே பில்லோடு வாங்கிக்கொள்கிறேன், அக்கா மகனை இழுக்கவில்லை. இன்று காலை ட்ரங்குப் பெட்டியைத் திறந்தேன். குழிக்குள் மறுபடி நூல்.