ஊர்ப் பெயருக்குள் ஒளிந்திருந்த பத்தெழுத்து

உவர்மலை:
ஸ்க்ராபிள், குறுக்கெழுத்து, வேர்டில் என்று ஆங்கிலச் சொல் தேடி மண்டையை உடைத்துக்கொண்ட அனுபவம் இருப்பவர்கள் எழுதுங்கள். முதலில் என்னுடையது.

ஒன்பதாம் ஆண்டில் எங்கள் ரியூசன் வகுப்பு ஒரு தகரக் கொட்டகையில் நடக்கும். மழை பெய்தால் சேர் சொல்வது ஒன்றும் கேட்காது. அப்படி ஒரு நாள் அவர் பாடத்தை மூடிவிட்டு, திருகோணமலையின் ஆங்கிலப் பெயரைக் கரும்பலகையில் பெரிதாக எழுதினார். பதினொரு எழுத்து: ரீ, ஆர், ஐ, என், சி, ஓ, எம், ஏ, எல், ஈ, ஈ. கீழே நிபந்தனை: ஐந்தெழுத்துச் சொல், உள்ளே சி வர வேண்டும். ஈ இரண்டு தடவை வரலாம், மற்றதெல்லாம் ஒரே தடவை.

பெண்கள் பக்கத்திலிருந்து கெமல், கிரீம், கிளீன் எல்லாம் கெதியாக வந்துவிட்டன. எனக்கு முதலில் ஓஷன் கிடைத்தது, அடுத்து கோரல். கடலும் பவளமும்! புறாமலைக்குப் பவளம் பார்க்கப் போகிறவர்களுக்கு, அது ஊர்ப் பெயருக்குள்ளேயே கிடப்பது தெரியுமோ என்னவோ. பக்கத்தில் இருந்தவன் நாலெழுத்துச் சொல்லுக்கெல்லாம் பின்னால் எஸ் போட்டு ஐந்தாக்கி வைத்திருந்தான். சேர் அவனுடைய கொப்பியை வாங்கிப் பார்த்துவிட்டு, பலகையில் எஸ் எங்கே என்று காட்டச் சொன்னார். நம் ஊர்ப் பெயரில் எஸ் கிடையாது. பன்மை என்ற குறுக்குவழி அன்றோடு அடைபட்டது.

வகுப்பு முடியும்போது சேர் ஒன்று சொன்னார். இதற்குள் பத்தெழுத்தில் ஒரு சொல் இருக்கிறது, கண்டுபிடித்தால் அடுத்த மாதக் காசு தர வேண்டாம் என்று. யாருக்கும் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் அவர் மாற்றலாகிப் போய்விட்டார்.

பல வருடம் கழித்து இரவு ரயிலில் கொழும்புக்குப் போகிறேன். கந்தளாய் தாண்டியும் தூக்கம் வரவில்லை. துண்டுக் காகிதத்தில் அந்தப் பதினொரு எழுத்தையும் மறுபடி எழுதினேன். அதுவரை முன்னாலிருந்துதான் தேடியிருந்தேன். அன்றைக்கு வாலிலிருந்து தொடங்கினேன். ஆங்கிலச் சொற்களுக்கு வழக்கமாக என்ன வால் இருக்கும்? ரீ, ஐ, ஓ, என் என்று முடித்துப் பார்த்தேன், எட்டு ஒன்பது எழுத்தோடு நின்றது. ஐ, ஏ, எல் என்று முடித்தேன். பத்தெழுத்து என்றால் ஓர் எழுத்து வெளியே போக வேண்டும். ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டே வந்தேன். தலையில் இருந்த ரீயை மறைத்ததும் வந்து நின்றது: சி, ஈ, ஆர், ஈ, எம், ஓ, என், ஐ, ஏ, எல். செரிமோனியல்! சடங்கு, சம்பிரதாயம் சார்ந்தது என்று பொருள். கடற்படைத் தளம் உள்ள ஊர், அணிவகுப்புப் படங்களுக்குக் கீழே எத்தனை தடவை வாசித்த சொல். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. பக்கத்து இருக்கை ஐயா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து மகளிடம் பெருமையடித்தேன். எழுத்துகளைக் கொடுத்தால் சொற்களைக் கொட்டுகிற இணையத்தளம் ஒன்றில் தட்டினாள். ஒரு விநாடி. அதே சொல், கூடவே நான் கேள்விப்படாத ஒரு மூட்டை.

கிண்ணியா:
உங்கள் ஊர்ப் பெயரில் கியூ இல்லை, தப்பினீர்கள். 2020 ஊரடங்கில் எங்கள் வீட்டில் பழைய ஸ்க்ராபிள் பலகை வெளியே வந்தது. நூறு எழுத்துக் கட்டையில் இரண்டு தொலைந்து, அட்டை வெட்டி ஒட்டியிருந்தோம். ஆட்டம் முடிகிற நேரம் என் கையில் கியூ. அதன் மதிப்பு பத்து, ஆனால் போட முடியாமல் கையில் தங்கினால் அதே பத்து கழியும். யூ மொத்தமே நான்கு கட்டைதான், நான்கும் பலகையில் போய்விட்டன. கியூவுக்குப் பின்னால் யூ வந்தே ஆக வேண்டும் என்றுதானே பள்ளியில் படித்தோம்.

மிச்சம் இருந்தவை ஏ, பி, ஐ, என். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுக்கினேன்: என், ஐ, கியூ, ஏ, பி. நிகாப். பெரிய நானா (அண்ணன்) குதித்தார், அது அரபு, செல்லாது என்று. போனில் இருந்த ஆங்கில அகராதியைக் காட்டினேன். உம்மா சமையலறையிலிருந்து, "நான் போட்டிருக்கிறத ரெண்டு பேரும் அகராதியிலயா தேடுறீங்க?" என்று கேட்டார்.

பிறகுதான் எனக்கே விளங்கியது. சின்ன வயதில் ஓதப்போன இடத்தில், அரபு எழுத்துகளில் தொண்டையின் அடியிலிருந்து வருகிற காஃப் வேறு, சாதாரண காஃப் வேறு என்று அடித்துச் சொல்லித் தந்தார்கள். அந்த அடித்தொண்டைக் காஃபை ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் கியூ வருகிறது. பகீர் ஐந்தெழுத்து, காதி (முஸ்லிம் நீதிபதி) நாலெழுத்து, இரண்டிலும் யூவே கிடையாது. புர்காவில் யூ உண்டு, ஆனால் கியூவுக்கு முன்னால். (நம் நாட்டுச் சட்டத்தில் காதிக்கும் யூ போட்டுத்தான் எழுதியிருக்கிறது, அதை நம்பி ஆடினால் கட்டை அதிகம் செலவாகும்.)

அன்றிலிருந்து கியூ வந்தால் நானா என் முகத்தைத்தான் பார்ப்பார்.

நிலாவெளி:
நான் ஸ்க்ராபிள் ஆள் இல்லை, வேர்டில். வார்டில் என்ற பெயர்க்காரர் உருவாக்கியதால் அந்தப் பெயர். 2021இல் எல்லோருக்கும் திறந்துவிட்டார், அடுத்த ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கிவிட்டது. ஒளிந்திருக்கிற ஐந்தெழுத்துச் சொல்லுக்கு ஆறு முயற்சி, சரியான எழுத்து சரியான இடத்தில் விழுந்தால் பச்சை.

தம்பி கனடாவில். புதிய சொல் அவரவர் ஊர் நள்ளிரவில் மாறும். இங்கே எனக்குப் புதியது வரும்போது அவனுக்கு முதல்நாள் பிற்பகல். ஒருநாள் வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் விடையை உளறிவிட்டேன். அவன் இரண்டு நாள் பேசவில்லை. அம்மா என்னமோ காணிப் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டார்.

என் தோல்வி வேறு. இரண்டாவது முயற்சியிலேயே கடைசி நாலும் பச்சை: ஐ, ஜீ, எச், ரீ. முதலெழுத்து மட்டும் தெரிய வேண்டும். கும்பிட்டுக்கொண்டு லைட் போட்டேன், இல்லை. நைட், இல்லை. ரைட், சைட். ஆறும் முடிந்தது. ஃபைட், மைட், எய்ட் எல்லாம் வெளியே வரிசையில் நிற்கின்றன!

தம்பியிடம் கேட்டதற்கு, "அக்கா, விடையைத் தேடாதே, ஒரு முயற்சியை வீணாக்கு" என்றான். ஃபில்ம்ஸ் என்று போடு, எஃப், எல், எம், எஸ் நாலையும் ஒரே தடவையில் பார்த்துவிடலாம் என்றான். வேண்டுமென்றே பிழையான விடை போடுவதற்கு எனக்கு மனம் வரச் சில வாரம் எடுத்தது. கஷ்டமான முறையில் ஆடுகிறவர்களுக்கு இது சரிவராது, அதில் கிடைத்த பச்சையை விடக்கூடாது.

தம்பலகாமம்:
தமிழ் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். உவர்மலைத் தம்பி வாலிலிருந்து தேடினேன் என்கிறார். நன்னூலில் மொழிமுதல் எழுத்து, மொழியிறுதி எழுத்து என்று படித்ததுதானே இது? தமிழ்ச் சொல் டகரத்திலோ ரகரத்திலோ தொடங்காது, வல்லின மெய்யில் முடியாது. அதனால்தான் ராமனை இராமன் என்று எழுதினோம். ஆங்கிலத்திலும் கவனித்துப் பாருங்கள். வீ என்ற எழுத்தில் முடிய அவர்களுக்கு மனமில்லை. ஹேவ், கிவ், லவ் எல்லாவற்றுக்கும் ஒலிக்காத ஈ ஒன்றை ஒட்டிவிடுகிறார்கள். என்னும் ஜீயும் சேர்ந்து சொல்லின் கடைசியில் எத்தனை தடவையும் வரும், முதலில் வராது.

இன்னொன்று. ஓர் எழுத்தை நீக்க வேறு சொல் வருவது நம்மிடம் அக்கரச்சுதகம். கோணேசருக்குப் பதிகம் பாடிய சம்பந்தர், திருப்பி வாசித்தாலும் அதுவே வருகிற மாலைமாற்றுப் பதிகமும் பாடியிருக்கிறார். பேரப்பிள்ளைகள் வேர்டில் ஆடும்போது இதைச் சொல்லப் போனால் எழும்பிப் போகிறார்கள்.

கிண்ணியா:
ஐயா, நாங்கள் எழும்பவில்லை. அந்தத் திருகோணமலை எழுத்துகளில், ஒன்பதெழுத்தில் எனக்குக் கிடைத்தது கிரிமேஷன். காலையிலேயே ஏன் சுடலைப் பேச்சு என்று வீட்டில் ஏச்சு.

நிலாவெளி:
எனக்கு டொலரன்ஸ், அதுவும் ஒன்பது. மிச்சம் ஐயும் எம்மும்.

உவர்மலை:
இரண்டும் சரி, எண்ணிப் பார்த்துவிட்டேன். இனி என் முறை. இரண்டு ஈயையும் தொடாமல் எட்டெழுத்தில் ஒன்று இருக்கிறது. முதலெழுத்து ஆர், கடைசி சி. கல்யாணமான புதிதில் உள்துறைமுக வீதியில் மாலையில் நடந்தவர்களுக்குச் சுலபம். தளத்தில் தட்டிப் பார்க்கிறவர்கள் நாளை இரவு வரை வாயைத் திறக்கக் கூடாது.